மாதிரிப் பேச்சு

“நீங்க மேடைக்கு ஏறத் தேவையில்ல, கீர்த்தனி. போய்ச் சாப்பிடுங்க.”

கீர்த்தனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கிய பேச்சு. யானை அடித்து அப்பா செத்தது, அம்மா கட்டைபறிச்சான் கிராமத்தில் கூலிக்கு வயல் வேலைக்குப் போவது, உதவிப்பணம் கிடைக்காவிட்டால் இறுதியாண்டை விட்டுவிட்டு கார்மென்ட்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக வேண்டியிருப்பது எல்லாம் அதில் இருந்தது. எந்த இடத்தில் அழ வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

“மிஸ், நிகழ்ச்சி நிரலில என்ர பேர் இருக்கே?”

“வெட்டிட்டன்.”

அவ்வளவுதான். இன்ஷிரா மைக்கை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள்.

பல்கலைக்கழக வளாகத்தின் நிதி சேகரிப்புப் பிரிவுக்கு இன்ஷிரா புதுத் தலைவி. தலைமைத்துவம், முகாமைத்துவம் எல்லாம் பழகி வரச்சொல்லிக் கொழும்புக்கு அனுப்பி, போன மாதம்தான் பொறுப்பைக் கையில் கொடுத்திருந்தார்கள். வசதியில்லாத மாணவர்களுக்காக, துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஹோட்டலில் வருடா வருடம் கொடையாளர்களுக்கு மதிய விருந்து வைப்பது வழக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பிள்ளை மேடையேறித் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். புரியாணி வருவதற்குள் கைக்குட்டைகள் வெளியே வந்துவிடும், பிறகு காசோலைப் புத்தகங்கள்.

“கொழும்புக்குப் போய் வந்ததில இருந்து மிஸ்ஸுக்குத் தலைகால் தெரியல்ல,” என்றான் கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மாணவன் றிப்தி. “ஒங்களுக்கு வாற கைதட்டு தனக்கு வரணும். வேற என்ன?”

கீர்த்தனிக்கும் அப்படித்தான் பட்டது.

மேடையில் இன்ஷிரா யாருடைய கதையையும் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறார்கள், ஒரு பிள்ளையின் படிப்புக்கு என்ன செலவாகிறது, போன முறை கொடுத்த பணம் எப்படிப் பயன்பட்டது என்று விளக்கினாள். வந்திருந்தவர்கள் நன்றாகத்தான் கேட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டும் போனார்கள்.

“ஒரு பிள்ளையையும் காட்டேல்லையே,” என்று வாசலில் ஒரு பெரிய மனுசி குறைப்பட்டுக்கொண்டார்.

சேர்ந்த பணம் போன வருடத்தில் பாதிதான். அது பாதிப் பிள்ளைகளுக்குத்தான் காணும் என்றார்கள். கீர்த்தனி உதவி கிடைக்காத மற்றப் பாதியில் விழுந்துவிட்டாள். இன்ஷிராவின் தலைமைப் பதவியும் பறிபோனது. தட்டச்சு வேலைக்கென்று ஒரு மூலையில் கொண்டுபோய் இருத்தினார்கள்.

கீர்த்தனி அந்த மூலைக்கே தேடிப் போனாள்.

“என்ர படிப்பில மண் அள்ளிப் போட்டிட்டீங்கள், மிஸ்.”

இன்ஷிரா நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஒங்களுக்காக வேற இடத்தில கேட்டிருக்கன். கொஞ்சம் பொறுங்க.”

“நான் பொறுப்பன். வாடகைக்குப் போர்டிங்கில பொறுப்பினமே?”

கீர்த்தனி நேரே, அந்தப் பிரிவுக்கு மேலே இருக்கும் பணிப்பாளர் யோகலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

“அண்டைக்கு மிஸ் பேச விடேல்ல, சேர். இப்ப எங்க வேணுமெண்டாலும் வந்து பேசுறன்.”

யோகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “கெட்டிக்காரி. எங்கயும் போகத் தேவையில்லை, இஞ்சயே வீடியோ எடுப்பம். பேஸ்புக்கில போட்டால் வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் அனுப்பும். உங்கட படிப்புக்கு நான் பொறுப்பு.”

கீர்த்தனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்கு உடனே போன் எடுத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“கமரா வாறதுக்கு முதல் இந்த மாதிரிப் பேச்சை ஒருக்காப் பாருங்கோ. எங்க நிப்பாட்டோணும், எங்க குரல் தழுதழுக்கோணும் எண்டு விளங்கும்.”

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் ஒரு மெலிந்த பெண். வாப்பா விட்டுவிட்டுப் போனதையும், உம்மா மூதூரில் வீடு வீடாகச் சட்டிபானை கழுவியதையும், அயலவர் கழித்துக் கொடுத்த உடுப்பில் பெருநாள் கொண்டாடியதையும் சொல்லிச் சொல்லி அழுதாள். முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். முன்வரிசையில் யாரோ அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கீர்த்தனி திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

“சேர், இது இன்ஷிரா மிஸ் எல்லோ?”

“ஓம், படிக்கேக்க பேசினது,” யோகலிங்கத்தின் குரலில் பெருமை. “இப்பிடி ஒரு பேச்சு அதுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைக்கேல்ல. பாவம், கலியாணம் பேசி வாற இடமெல்லாம் இதைப் பார்த்திட்டு, ‘மேடையில பிச்சை எடுத்த பிள்ளை எங்களுக்கு வேண்டாம்’ எண்டு திரும்பிப் போகினமாம். அழிச்சு விடுங்கோ சேர் எண்டு எத்தினையோ தரம் வந்து அழுதிட்டா. எப்பிடிப் பிள்ளை அழிக்கிறது? இண்டைக்கும் இதைப் பார்த்துத்தானே காசு வருது?”

கீர்த்தனி கதிரையை விட்டு எழுந்தாள்.

“எங்க போறீங்கள், பிள்ளை? இருங்கோ, கமரா வந்திட்டுது. இனி உங்கட முறை.”