ஹாரனும் பிஸ்டனும்

தான் போடுகிற சத்தத்தில்தான் வண்டி மலையேறுகிறது என்று அந்தப் பழைய காரின் ஹாரனுக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் மெக்கானிக் எஸ்தர் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனை வெளியே எடுத்து, ஹாரனுக்கு எதிரே துணியில் வைத்தாள். தேய்ந்து, கருகி, உடம்பெல்லாம் கீறலாக இருந்தது.

"யார் நீ?" என்றது ஹாரன்.

"உள்ளே இருந்து வண்டியைத் தள்ளுகிறவன். நெருப்பு என் தலையில் அடிக்கும், நான் தள்ளுவேன். மறுபடி அடிக்கும், மறுபடி தள்ளுவேன்."

ஹாரன் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "இத்தனை வருஷமாகவா? வலிக்காதா உங்களுக்கு?"

"ஏற்றத்தில் தாங்க முடியாது. அப்போதெல்லாம் வெளியே யாரோ எனக்காகக் குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டுத்தான் தம் பிடிப்பேன். அவர் யாரென்று உனக்குத் தெரியுமா?"

ஹாரனுக்குப் பதில் சொல்லக் குரலே எழும்பவில்லை.