இல்லையா என்று கேட்டால்

ஆறு மணிக்கு எழுகிறேன். ரொட்டி ஒன்றைச் சுட்டுத் தின்றுவிட்டு, சைக்கிளில் இந்த ஜப்பானியப் பள்ளிக்கு வந்து, வாசலில் உள்ளே போடும் காலணிக்கு மாறுகிறேன். ஐந்தாம் வகுப்பில் குளிருக்கு ஏற்றிய மண்ணெண்ணெய் அடுப்பு மெல்ல இரைகிறது. பனி படிந்த ஜன்னல் வெளிச்சத்தில் கரும்பலகை சாம்பல் நிறமாகத் தெரிகிறது. என் மனைவி சிசுரு இறந்து நாற்பது நாள் ஆகிறது. இன்றுதான் மறுபடி ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சுவரில் மதிய உணவுப் பட்டியல் தொங்குகிறது. இன்று நாத்தோ, நூல்நூலாக இழுபடும், வாடையடிக்கும் சோயா. நாத்தோ பிடிக்கவில்லையா என்று மாணவி நானாசேயிடம் ஆங்கிலத்தில் கேட்கிறேன். அவள் மூக்கைச் சுருக்கி, “யெஸ்” என்கிறாள்.

“அப்ப என் பங்கையும் நீயே தின்னு” என்கிறான் பக்கத்து மேசை கோஹெய். வகுப்பு சிரிக்கிறது.

“பிடிக்கலையான்னுதானே சார் கேட்டீங்க? ஆமா, பிடிக்கல” என்கிறாள் நானாசே.

“இங்கிலீஷ்ல அதுக்கு நோ சொல்லணும். பிடிச்சாத்தான் யெஸ்.”

“அப்ப கேட்ட கேள்விக்கு ஒரு மரியாதையும் இல்லையா?”

“யெஸ்” என்று முந்திக்கொள்கிறான் கோஹெய்.

மறுபடி சிரிப்பு. நான் விரலில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதே விதியைச் சிசுருவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவளுக்குச் சில நாள் நினைவிருக்கும், சில நாள் மறந்துவிடும். வீட்டில் நாங்கள் ஜப்பானிய மொழியில்தான் பேசுவோம். மருத்துவமனையில், அந்தக் கடைசி நாளில், பதற்றத்தில் எனக்கு என் தாய்மொழியே வந்துவிட்டது. வலிக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“யெஸ்” என்றாள்.