விழாத உடம்பு

முப்பத்தேழு குத்துச்சண்டைகளில் ஒருமுறைகூடத் தரையைத் தொடாத சாம்பியன் கன்னியப்பன், எழுபது வயதில், தன் வாலிபத் தோற்றத்தில் ஒளியால் செய்த உருவம், எதிராளி உருவத்தின் குத்தில் மேடையில் குப்புற விழுவதைப் பார்த்தார். கூட்டம் விசிலடித்தது. நடுவர் இயந்திரம் எண்ணத் தொடங்கியது.

அவர் கயிற்றை விலக்கி மேடையேறினார்.

"பெரியவரே, எறங்குங்க!" என்று அமைப்பாளர் கத்தினார். "உருவத்துக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? நீங்க விழுந்தாத்தான் கூட்டம் வருது!"

"சண்ட போடத்தான்டா உருவத்தக் குடுத்தேன். விழறதுக்கு எவன்டா எழுதிக் குடுத்தான்? எங்குடும்பமே பாத்துனுகீது!"

ஒளியுருவம் அசையாமல் கிடந்தது. கன்னியப்பன் அதன் அருகே முதுகை நிமிர்த்தி நின்று, முஷ்டிகளை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

எட்டு வரை எண்ணிய இயந்திரம் அவர் முகத்தை அடையாளம் கண்டு நிறுத்தியது.

"கன்னியப்பன் எழுந்துவிட்டார். ஆட்டம் தொடரட்டும்."