இடுப்பை விட்டுப் பிரியாத போன்

"இதைப் பார்த்தா எனக்கே இடுப்பு வலிக்குது சார்!" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

முதுகுவலி ஆப்பில் ஒரு மாதமாகப் பதிவானதெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் விரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கணக்காளர் நெளிந்தார்.

"தினம் கொஞ்சம் நடங்கன்னுதானே சொன்னேன்? நீங்க விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு குனியறீங்க, நிமிர்றீங்க, மாடிப்படி ஏறி ஏறி இறங்கறீங்க. உட்காரவே மாட்டீங்களா?"

"அது... வீடுன்னா வேலை இருக்கும்ல டாக்டர்..."

"போன் இடுப்போடயேதானே இருந்துச்சு?"

"கீழ வைக்கவே இல்ல." அது மட்டும் உண்மை.

"இப்படியே போனா சீக்கிரம் படுத்த படுக்கைதான். பேசாம வீட்டு வேலையை எல்லாம் உங்க மனைவிகிட்ட விட்டுடுங்க."

அவருக்குக் காது சுட்டது. எழுந்து வெளியே வந்தார்.

மனைவி ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்தாள். வந்ததும் வராததுமாக அவர் போனை வாங்கித் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மக கூப்பிட்டா நான்தானே எடுக்கணும்? சரி, டாக்டர் என்ன சொன்னார்?"

மகளைச் சாக்காகச் சொல்லி, ஒரு மாதமாகப் போனை மனைவியிடம் தள்ளிவிட்டவர் அவர்தான். சோபாவை விட்டு எழாமலே நடந்ததாக ஆப்பில் காட்ட வேறு வழி தெரியவில்லை.

"உடனே ரெஸ்ட் எடுக்கணுமாம்."

"தாராளமா எடுங்க. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

அவள் தோளில் தொங்கிய கனமான பையை அவர் வாங்கிக்கொண்டார்.

"எனக்கில்லம்மா... உனக்கு."