கம்பெனி கொடுத்த கை

ஆயுத பூஜையன்று அம்மா தன் இயந்திரக் கைக்கும் சந்தனம் பூசினாள். அது விரல் இடுக்கில் இறங்கி, கை அப்படியே நின்றுவிட்டது. துடைத்தும் அசையாததால், கையின் இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவினேன். கடைசியில் உரிமச் சாவி கேட்டது. உள்ளங்கையில் பொறித்திருந்த எண்ணைக் கொடுத்தேன். செல்லாது என்றது.

உதவி மையத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன்.

"மேடம், அந்தச் சாவி பனியன் கம்பெனி பேர்ல இருக்கு. உங்க அம்மா மாராத்தாள் போன மாசம் வேலையை விட்டுட்டாங்க. திரும்பச் சேர்ந்தா உடனே ஆக்டிவேட் ஆகிடும்."

"அந்தக் கம்பெனி கட்டிங் மெஷின்லதாங்க எங்கம்மா கை போச்சு. அதுக்கு ஈடா குடுத்ததுங்க இது."

"ரூல்ஸ் மேடம். நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்கணும்."

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். 'படிச்சவங்க' என்று என்னிடம் சொல்லாத அலுவலகம் இல்லை.

"படிச்சதாலதாங்க புரியுது" என்றேன். அவன் இணைப்பில் இருக்கும்போதே, என் கல்லூரித் தோழிகள் எழுதிய, சாவியே கேட்காத இயங்குதளத்தை ஏற்றினேன்.

"திருட்டுன்னு சொல்லுவாங்க கண்ணு" என்று அம்மா முணுமுணுத்தாள்.

"அது யாரு உடம்புல இருக்குதும்மா?"

விரல்கள் அசைந்தன. முன்பு அந்தக் கைக்குக் காலர் தைக்க மட்டும் தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. டம்ளரைப் பிடிக்கப் போய்த் தட்டிவிட்டது. அம்மா சிரித்தாள்.

"மேடம், அம்மாவை எப்ப வேலைக்கு அனுப்பறீங்க?" என்றது போன்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா அந்தக் கையை நீட்டினாள். விரல் முதலில் மேசையில் குத்தியது, பிறகு என் கன்னத்தில். நான் உதவப் போகவில்லை. அடுத்து, நான் பிடித்திருந்த போனில் சரியாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கி அழைப்பைத் துண்டித்தது.