இருபத்தாறாவது பெயர்

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க" என்று மேடம் சொன்னதுதான் தாமதம், சோதனைக்கூடம் சந்தைக்கடை ஆகிவிட்டது.

ஸ்டூல்கள் இழுபட்டன. ஆளுக்கு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷத்துக்குள் பன்னிரண்டு மேசைக்கும் பன்னிரண்டு ஜோடி அமைந்தாயிற்று.

கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி கதவோரம் நின்றாள்.

"நீ இங்க வாம்மா. என்கூட நில்லு."

சொல்லும்போதே மேடத்தின் மனசு குளிர்ந்துபோயிற்று.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சொட்டு மேடம். கல்லூரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வேதியியலின் கைப்பழக்கம் சொல்லித்தருவது அவர் வேலை. 'சொட்டுச் சொட்டா விடு' என்று பத்தொன்பது வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தி வாங்கிய பட்டம் அது.

ஒவ்வொரு வருஷமும் அவர் வகுப்பில் ஒருவர் மிஞ்சுவார். மற்ற ஆசிரியர்கள் என்றால் மிஞ்சிய ஆளை ஏதாவது ஒரு ஜோடியோடு ஒட்டிவிடுவார்கள். மேடம் தன் மேசைக்குக் கூப்பிட்டுக்கொள்வார். "உங்க ராசி அப்படி" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மிஞ்சியவர்கள் எல்லாரையும் அவருக்கு நினைவிருக்கிறது. திக்கித் திக்கிப் பேசிய பையன். உறிஞ்சு குழாயான பிப்பெட்டைக் கையில் எடுத்தாலே விக்கல் வரும் பெண். வருஷம் முழுக்க, திங்கட்கிழமை தோறும் மூன்று மணி நேரம், பக்கத்தில் ஓர் ஆள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சொன்னவர் கூட்டுக் குடும்பத்துக்காரராக இருக்க வேண்டும். சனிக்கிழமை கடைக்காரரிடம் 'போதும்' என்று சொன்னால், மேடம் அடுத்த வார்த்தை பேசுவது திங்கட்கிழமை வருகைப் பதிவின்போதுதான். முதல் பெயரைக் கூப்பிடும்போது குரலே எழும்பாது.

"கண்ணும் கோடும் ஒரே மட்டத்துல இருக்கணும். குனிஞ்சு பாரு."

இருவரும் ப்யூரெட் என்ற நீண்ட அளவுக் குழாயின் முன் குனிந்தார்கள். தலையும் தலையும் லேசாக முட்டிக்கொண்டன. அந்தப் பெண் 'சாரி மேடம்' என்றாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்தது.

கீழே குடுவையில் அமிலம். மேலே ப்யூரெட்டில் காரம். வெளிர் ரோஜா நிறம் தட்டிய அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் குடி கெட்டது.

அவள் ஒரு கையால் திருகைத் திறந்து, மறு கையால் குடுவையைச் சுழற்றினாள். நல்ல கை. ஆனால் கண் மட்டும் கலங்கியிருந்தது.

"என்னம்மா?"

"நானும் என் ஃப்ரெண்டும் ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்சு மேடம். இந்தக் காலேஜ்ல சேர்ந்ததே சேர்ந்து படிக்கத்தான். பட்டியல்லகூட எங்க பேர் அடுத்தடுத்துதான் இருந்துச்சு. எந்தப் புண்ணியவானோ அவளைத் தூக்கி வியாழக்கிழமை வகுப்புல போட்டுட்டாங்க. போன வாரம் அங்க அவ மூணாவது ஆளா ஓரமா நின்னாளாம். இங்க நான் மிச்சம்."

சொல்லிவிட்டு வெள்ளை லேப் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குள் ப்யூரெட் கடகடவென்று இறங்கி, குடுவை அடர் ரோஜாவாகிவிட்டது.

மேடம் அதைப் பார்க்கவே இல்லை.

பதறிப்போய் அளவை நோட்டில் எழுதியவள், எழுதிய பிறகுதான் நிறத்தைக் கவனித்தாள். "ஐயோ, தாண்டிடுச்சே! ஒயிட்னர் வெச்சு அழிச்சிடட்டா மேடம்?"

"அழிக்கவே கூடாது. மேல ஒரே ஒரு கோடு. அடியில எழுதினது தெரியணும். பக்கத்துல என்ன தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

பத்தொன்பது வருஷப் பாடம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. 

அதே மேசையில்தான் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. இருபத்தைந்தாவது, இந்தப் பெண்ணின் பெயர். அதற்குக் கீழே இருபத்தாறாவதாக ஒரு பெயர். அதன் மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. அடியில் பெயர் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் காரணம் இல்லை. கையெழுத்தும் இல்லை.

நோட்டில் கோடு போடக் குனிந்தவளின் கண் அங்கே போயிற்று. சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். மேடத்தின் லேப் கோட்டுப் பையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள்.

மேடம் பதிவேட்டை மூடவில்லை. மூடியிருக்கலாம்.

பேனாவை உருவினார். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், 'அடித்தது நான். தவறு என்னுடையது. மீண்டும் சேர்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெட்கத்தில் காது மடல் சுட்டது. கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"அடுத்த திங்கட்கிழமைலேர்ந்து அவளை இங்க வரச் சொல்லு."

அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. எழுதியதை இரண்டு முறை படித்தாள். சுற்றிலும் இருந்த பன்னிரண்டு மேசைகளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு யாரு மேடம் ஜோடி?"

மேடம் சிவப்புப் பேனாவை மூடிப் பையில் செருகினார்.  

"குடுவையைக் கழுவிட்டு வாம்மா. இன்னும் ரெண்டு ரீடிங் எடுக்கணும்."

அவள் கழுவிக்கொண்டு வந்தாள். அமிலத்தை அளந்து விட்டாள். ப்யூரெட்டை நிரப்பினாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

இந்த முறை திருகை மிக மிக மெதுவாகத் திறந்தாள்.