கொஞ்சம் விடேன்!

வாயகன்ற கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு நகப்பூச்சு விழுந்தது. விழுந்ததும் விரிந்து, வெங்காயச் சருகைவிட மெல்லிய சிவப்புப் படலமாக மிதந்தது. மிதந்தும் அதற்கு நிம்மதி இல்லை.

"ஏ தண்ணி, நாலு பக்கமும் என்னைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கியே! உனக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் விடேன்!"

"எனக்குத் தெரிஞ்சது அதுதாம்மா," என்றது தண்ணீர்.

விளிம்பில் ஒட்டியிருந்த சோப்பு நுரைக்கு மனசு கேட்கவில்லை. "நான் விடுவிக்கிறேன், பாரு!" என்று வழுக்கி உள்ளே இறங்கியது. அவ்வளவுதான், தண்ணீரின் பிடி தளர்ந்தது. படலம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கிண்ணத்தின் ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. விட்டால் இப்படி ஆகும் என்று அது நினைக்கவே இல்லை.

நல்லவேளை, யாரோ குழாயைத் திறந்தார்கள். கிண்ணம் நிரம்பி, நுரையெல்லாம் வழிந்து போனது. தண்ணீர் படலத்தின் ஓரங்களைப் பிடித்து மறுபடி இழுத்தது. மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"வலிக்குதா? விட்டுடவா?"

"ஐயோ, விட்டுடாதே! அதோ, அந்த ஓரம் இன்னும் சுருங்கியிருக்கு. உனக்குப் புண்ணியமாப் போகும், அதையும் கொஞ்சம் இழேன்!"